சுங்கானும் உப்புக் கிணறும்

சில வருஷங்களுக்கு முன்பு குன்னூரில், பழைய சாமான்கள் விற்கும் ஒரு கடையில் சுங்கான் ஒன்று வாங்கினேன். சுங்கான் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. 'பைப்' என்றால் புரியும். நம் அகராதியில் அதற்கு நல்ல தமிழ்ச் சொல்லாகச் சுங்கான் இருக்கும்போது நான் ஏன் பைப் என்று எழுத வேண்டும்?

வாங்கிய காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிறவன் நான். பேனாவைப் பிடித்தால் கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கிறது. கன்னத்தில் கை வைத்தால் கப்பல் கவிழ்ந்த மாதிரி இருக்கிறது. வாயில் ஒரு சுங்கான் இருந்தால் பாதி அறிவு தானாக முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பினேன். எத்தனையோ மேல்நாட்டு ஆசிரியர்களின் படங்களைப் பார்த்ததனால் வந்த நம்பிக்கை அது.

வாங்கி வந்த பிறகுதான் அதைப் பற்ற வைப்பது ஒரு வித்தை என்று தெரிந்தது. நாலு தீக்குச்சி போனது, நாக்கு பொசுங்கியது, புகை வரவில்லை. கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஒருவர் உண்டு. அவர் வீட்டு அலமாரியில் புத்தகங்களுக்குப் போட்டியாகச் சுங்கான்கள் நிற்கும். அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

"புடிக்கிறதுக்கு மூணு நாள் போதுமுங்க. தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் மூணு வருஷம் வேணும். உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க" என்றார்.

"தெரிஞ்சுக்கத்தான் வந்தேனுங்க சார்" என்றேன். போட்டோ விஷயத்தைச் சொல்லவில்லை.

மனிதர் உண்மையாகவே வாத்தியார். முதல் நாள் புகையிலையைக் கண்ணில் காட்டவே இல்லை. மரத்திலிருந்துதான் ஆரம்பித்தார். நல்ல சுங்கான் மரத்தில் செய்வதில்லையாம். மரத்தின் வேர்க்கழலையில் செய்வதாம். மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் 'பிரையர்' என்ற ஒரு புதர்ச் செடி வளர்கிறது. அதன் தண்டுக்கும் வேருக்கும் நடுவில் உருண்டையாக ஒரு கட்டி விழும். அதை வெட்டி, வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். உள்ளே கனல் கிடந்தாலும் அது லேசில் கருகாது. பிரான்சு தேசத்தில் ஜூரா மலையடிவாரத்திலுள்ள செயின்ட் குளோத் என்ற ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் மண் சுங்கான்தான். பணக்காரர்களுக்குத் துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கத்தில் தோண்டி எடுக்கும் வெள்ளை மாக்கல் சுங்கான். புகை ஊற ஊற அந்தக் கல் தேன் நிறமாக மாறுமாம். அது மாறுவதைப் பார்ப்பதே சிலருக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு.

அடுத்த பாடம், புகையிலையை அடைப்பது. முதல் பிடியைக் குழந்தை கையால் போடுவது போலப் போட வேண்டும். இரண்டாவதைப் பெண் கையால் அழுத்துவது போல. மூன்றாவதை ஆண் கையால். இது அந்த உலகத்துப் பழைய வாய்பாடு. ஒரு தடவை கொளுத்திக் கருக்கிவிட்டு, தட்டி, மறுபடி கொளுத்த வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு வேகும்; அசந்தால் அணைந்துபோகும். உள்சுவரில் கரி ஒரு காசு கனத்துக்குப் படிய வேண்டும். அதற்கு மேல் படிந்தால் சுரண்ட வேண்டும். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. இது புகை பிடிக்கிற காரியமே அல்ல. வேலை வெட்டி இல்லாத நேரத்தை வைத்துக்கொண்டு விளையாடுகிற காரியம். அவசரப்படுகிறவனுக்கும், கையில் வேலை இருக்கிறவனுக்கும் சுங்கான் ஒத்து வராது.

மூன்றாவது பாடம் இலை. வர்ஜீனியா, பர்லி என்று பெயர்கள் வந்தன. சிரியாவிலுள்ள லடாக்கியா என்ற துறைமுகத்தின் பெயரையே தாங்கிய ஓர் இலை உண்டு. அதை மர நெருப்பின் புகையில் தொங்கவிட்டுப் பக்குவம் செய்கிறார்கள். சில இலைகளைப் பாளம் பாளமாக அழுத்தி வைக்கிறார்கள். சிலவற்றின்மேல் சர்க்கரைப் பாகு தெளிக்கிறார்கள், சிலவற்றின்மேல் சாராயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தகர டப்பா. டப்பாவுக்கு மேலே ஒரு கப்பல் படம், அல்லது ஒரு கோட்டை படம். பேராசிரியர் ஒரு டப்பாவை எனக்குக் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மேஜைமேல் அதைத் திறந்து வைத்தேன். என் தாயார் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். டப்பாவிலிருந்து ஒரு துளியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். பிறகு சொன்னார்:

"போயலை. வெல்லத் தண்ணி அடிச்சிருக்காங்க."

"அம்மா, இது சீமையிலேருந்து வந்ததம்மா."

"எங்கிருந்து வந்தா என்ன கண்ணு? எங்கப்பன் சாளையிலே அடிச்ச வாசந்தானே இது."

இந்தக் கட்டுரைக்கு ஆதாரம் அந்த ஒரு பேச்சுத்தான். மூன்று வாரமாகப் பிரான்சு, துருக்கி, சிரியா என்று நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அவிநாசிக்கு வடக்கே, என் அப்புச்சியின் தோட்டத்தில் புகையிலைதான் விளைந்தது என்பது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. நினைவுக்கு வராத சங்கதி. அன்றிலிருந்து என் படிப்பு திசை மாறியது.

புகையிலை நமக்கு வந்த வழி மேற்குக் கடல் வழி. அமெரிக்க மண்ணில் பிறந்த செடி. கொலம்பஸ் 1492ல் அங்கே போய் இறங்கிய பிறகு ஐரோப்பாவுக்குத் தெரிந்தது. போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. அக்பர் சபைக்கு அது போன கதை ருசியானது. பீஜப்பூருக்குத் தூது போன அஸத் பேக் என்ற அதிகாரி, திரும்பி வரும்போது புகையிலையும் மணி பதித்த ஒரு குழாயும் கொண்டுபோய்ச் சக்கரவர்த்தியின் முன் வைத்தார். அது 1604ஆம் வருஷத்தை ஒட்டி. அக்பர் இரண்டொரு தரம் இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர், நம் நூல்களில் சொல்லாத பொருள், பரங்கியர் பழக்கம், ஆகாது என்று தடுத்தார். நம் நூலில் இல்லை என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடலாமா என்ற வாதம் சபையில் எழுந்தது. சக்கரவர்த்தியும் அந்தப் பக்கமே பேசினார். ஆனால் அவர் மேற்கொண்டு புகை பிடிக்கவில்லை. அதே 1604ல் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் புகையிலையைத் திட்டி ஒரு புத்தகமே போட்டார். 1617ல் ஜஹாங்கீர் தடை உத்தரவு போட்டார். ராஜாக்கள் எல்லோரும் முதலில் வைவார்கள். பிறகு வரி போடுவார்கள். எல்லாத் தேசத்திலும் நடந்தது அதுதான்.

தமிழ்நாட்டில் வைவதற்கு நேரமே இல்லை. உடனே உறவு கொண்டாடிவிட்டோம். புகைக்கும் இலை என்று பேர் வைத்தோம். சுருட்டிய இலைக்குச் சுருட்டு என்று பேர் வைத்தோம். அந்தச் சொல்லை வெள்ளைக்காரன் 'செரூட்' என்று ஆக்கிக்கொண்டு உலகம் முழுவதும் கொண்டுபோனான். 1887ல் கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். சீனிச் சர்க்கரைப் புலவர் இன்னும் ஒரு படி மேலே போய், பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பிப் பிரபந்தமே பாடிவிட்டார். 'புகையிலை விடு தூது' என்ற அந்த நூலைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கு ஓர் இலை இருந்ததாம். சிவனுடைய வில்வம் போயிற்று; திருமாலுடைய துளசி போயிற்று; பிரமன் மட்டும், என் இலை போகவில்லை, போகையிலை என்று காட்டினாராம். அதுவே புகையிலை ஆயிற்று என்று ஒரு வேடிக்கைக் கதை நம்மிடையே உண்டு. இப்படிக் கடல் கடந்து வந்த செடிக்குப் புராணமே கட்டிவிட்ட ஜனங்கள் நாம்.

ஆனால் தெய்வத்துக்குத் தூது போன இலை, குடியானவன் வீட்டில் என்ன செய்தது என்பதைப் புலவர்கள் பாடவில்லை. அதற்குக் கம்பெனிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டதும் கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயிற்று. எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் 1805ல் தூக்கிலிட்டார்கள். கோட்டைகளை அடக்கியாயிற்று. அடுத்த சில வருஷங்களுக்குள் கம்பெனி கை வைத்தது புகையிலையில். கொங்கு நாட்டில் விளைகிற இலைக்குப் பெரிய சந்தை மேற்கே இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொதிமாடுகளில் ஏறி அது மலையாளத்துக்குப் போகும். அங்கே வெற்றிலை போடாத வாயும் இல்லை. புகையிலை இல்லாத வெற்றிலையும் இல்லை. இதைக் கவனித்த கம்பெனி, அந்த வியாபாரத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. கோயம்புத்தூரில் கம்பெனி சொல்லும் விலைக்குக் குடியானவன் விற்க வேண்டும். மலபாரில் கம்பெனி சொல்லும் விலைக்கு ஜனங்கள் வாங்க வேண்டும். இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தாக்கு, பாலக்காட்டுக் கணவாயைவிட அகலம்.

பள்ளத்தாக்கு இருந்தால் அதில் ஆறு ஓடத்தானே செய்யும்? கள்ளச் சரக்கு ஓடியது. தன் தோட்டத்தில் தான் வளர்த்த இலையை மூட்டை கட்டி இருட்டில் தலைச்சுமையாக மலைப்பாதையில் கொண்டுபோனவனுக்குத் திருடன் என்று பெயர் வந்தது. இன்னொரு ஆறு கச்சேரிக்குள்ளேயே ஓடியது. கலெக்டர் வில்லியம் காரோவின் காலத்தில் ஜில்லாக் கஜானா காசிச் செட்டி என்பவர் கையில் இருந்தது. அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஜில்லாவையே தங்கள் கணக்குப் புத்தகமாக்கிக்கொண்டார்கள். புகார் முற்றி, 1816ல் விசாரிக்க இருவரை நியமித்தது சென்னை அரசாங்கம். ஒருவர் தாமஸ் மன்றோ. நாலு வருஷம் கழித்துச் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். மற்றவர் அப்போது கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். உண்மைக் கணக்கு வேறு, எழுதிய கணக்கு வேறு என்பது அந்த விசாரணையில் வெளிப்பட்டது. புகையிலை வியாபாரத்தில் நடந்த முறைகேடுகளும் அதில் வந்தன.

சல்லிவன் என்றால் நமக்கு உதகமண்டலம் ஞாபகம் வரும். 1819ல் மலை ஏறி, அந்தக் குளிரில் மயங்கி, 1822ல் கல் வீடு கட்டத் தொடங்கி, ஊட்டியை உண்டாக்கியவர். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படித்தோம். மலை ஏறுவதற்கு முன்னால், கீழே வெயிலில் உட்கார்ந்து அவர் நம் ஊர்ப் பொய்க் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தார் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. என் சுங்கான் ஊட்டி மலையிலிருந்து வந்தது. அதற்கு முன்பு யார் வாயில் இருந்ததோ தெரியாது. குளிரில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எவனோ ஒரு துரை அதை ரசித்திருப்பான். கீழே சமவெளியில் இலை வளர்த்தவனுக்கு அந்த இலையோடு இருந்த சம்பந்தமோ வேறு.

கம்பெனியின் புகையிலை ஏகபோகம் 1853ல் எடுபட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இரண்டு தலைமுறைக் குடியானவர்கள் தங்கள் பயிருக்குத் தாங்கள் விலை சொல்லாமலே செத்துப்போனார்கள்.

இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நம்ம இலையையே ஒரு தடவை அடைச்சுப் பாத்தா என்னங்க?" என்றார்.

புளியம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் ஒரு கட்டு இலை வாங்கி வந்தேன். தடித்த, கறுத்த இலை. மேலே மாவு தூவினாற்போல வெள்ளை பூத்திருந்தது. அந்த வெள்ளை பூத்தால்தான் சந்தையில் விலை. பேராசிரியர் அதை மெல்லிசாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, தம்மிடம் இருந்ததிலேயே நல்ல சுங்கானில் குழந்தை கை, பெண் கை, ஆண் கை எல்லாம் போட்டு அடைத்தார். கொளுத்தினார். அணைந்தது. கொளுத்தினார். அணைந்தது. பதினாலு குச்சி ஆனது. இலை கனிந்ததே தவிர எரியவில்லை. கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி மட்டும் அறை முழுவதும் நின்றது.

"உப்புங்க" என்றார் பேராசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பௌதிகக்காரர் அல்லவா, விட மாட்டார். இலையில் பொட்டாசியம் இருந்தால் நன்றாகக் கனலும். குளோரின் சத்து ஏறினால் கனலாது. சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே குளோரின். கொங்குப் புகையிலை உப்புத் தண்ணீரில் வளர்ந்தது.

இந்த இடத்தில் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சீமையில் காடு என்றால் மானாவாரி நிலம். தோட்டம் என்றால் கிணறு உள்ள நிலம். ஆறு பாய்கிற பூமி கொஞ்சம்; பாறையைக் குடைந்து கிணறு வெட்டி, கவலை பூட்டி மாடு பின்னும் முன்னும் நடந்து இறைத்த பூமிதான் அதிகம். வெட்டிய கிணறு எல்லாம் நல்ல தண்ணீர் கொடுத்துவிடுமா? நாற்பது அடி, ஐம்பது அடி தோண்டிக் கடன்பட்டு, கடைசியில் உவர்த் தண்ணீர் ஊறினால் குடியானவன் என்ன செய்வான்? அந்தத் தண்ணீரில் வாழை வராது, கரும்பு சுணங்கும். புகையிலை வரும். வருவது மாத்திரமல்ல, மெல்லுகிற புகையிலைக்கு உவர்த் தண்ணீர்தான் விசேஷம். இலை தடிக்கும், காரம் ஏறும், வெள்ளை பூக்கும். வாய்க்காகாத தண்ணீரை வாய்க்கு விருப்பமான இலையாக மாற்றுகிற வித்தையை எங்கள் முன்னோர் கண்டுபிடித்தார்கள். விருப்பத்தினால் கண்டுபிடிக்கவில்லை, வேறு வழி இல்லாததனால்.

திண்டுக்கல்லின் செம்மண் இலை சுருட்டுக்குப் போயிற்று. அந்த இலையை ஆராய 1948ல் வேடசந்தூரில் ஒரு நிலையமே ஏற்பட்டது. குண்டூர்ப் பக்கத்து இலை சிகரெட்டுக்குப் போயிற்று. கொங்கு இலைக்குச் சுங்கானும் இல்லை, சுருட்டும் இல்லை. அது எரியாத இலை. ஏர் ஓட்டுகிறவனும், கல் உடைக்கிறவனும், நாற்று நடுகிறவளும் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதே கன்னத்தில் அடக்கிக்கொள்கிற இலை. சுங்கானுக்கு ஓய்வு வேண்டும். இந்த இலைக்கு வேண்டியது பசி. அதைப் போட்டுக்கொண்டால் பசி தெரியாது.

பேராசிரியர் வீட்டு வேடிக்கையை அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றுதான் முதல் தடவையாகப் புகையிலைத் தோட்டத்தைப் பற்றி விவரமாகச் சொன்னார்.

விதை கடுகைவிடப் பொடிசு. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். மணலில் கலந்து நாற்றங்காலில் தூவுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடவு. செடி இடுப்புக்கு வந்து பூ எடுக்கும் சமயம் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு இலைதான் விடுவது. கிள்ளினால் செடி சும்மா இருக்காது. இலைக்கு இலை இடுக்கில் சிம்பு அடிக்கும். அதை வாரா வாரம் ஒடிக்க வேண்டும். அது பெண்பிள்ளைகளின் வேலை. "பனி இருக்கும்போதே எறங்கோணும். இலையெல்லாம் ஈரம். சேலை நனைஞ்சு ஒட்டிக்கும். கையிலே பிசின் ஏறிக் கறுத்துப்போகும். சோறு தின்னாக் கசக்கும். ஒம்பது மணிக்குத் தலை சுத்தும், வாந்தி வரும். எங்கப்பன் வரப்பிலே உக்கார வெச்சு மோர் குடுப்பாரு. 'பழகிக்கும் ஆயா'ன்னு சொல்லுவாரு. பழகவே இல்லை" என்றார்.

இந்தத் தலைசுற்றலுக்கு மருத்துவர்கள் பெயர் வைத்தது பின்னால்தான். 1970ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் புகையிலைத் தொழிலாளிகளிடம் கண்டு எழுதினார்கள். பச்சை இலையின் ஈரத்தில் நிகோடின் கரைந்து தோல் வழியாக உடம்புக்குள் ஏறிவிடுகிறது. அம்மா ஒரு நாளும் புகையிலை போட்டவர் அல்லர். ஆனாலும் பன்னிரண்டு வயதில் அவர் உடம்பில் அது ஏறியிருந்தது.

அறுவடையில் செடியோடு வெட்டி, வெயிலில் வாட்டி, தொங்கவிட்டு, பிறகு சாளைக்குள் அம்பாரம் போட்டுப் புழுங்க வைப்பார்கள். நாலு நாளைக்கு ஒரு தரம் மேலதைக் கீழே, கீழதை மேலே மாற்ற வேண்டும். அப்புச்சி பனைவெல்லம் கரைத்துத் தெளிப்பாராம். பாடம் சரியாக ஆயிற்றா என்று பார்ப்பதற்கு ஒரே வழிதான்: ஒரு நறுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது. அம்பாரத்துக்கு அம்பாரம், நாளைக்குப் பத்து தடவை, வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்தார். கேரளத்து வியாபாரிகள் அவர் கைப்பாடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்வார்களாம். சுங்கான்காரர்களின் டப்பாவில் கப்பல் படம் போட்டிருக்கும். அப்புச்சியின் சிப்பத்தில் ஒரு படமும் இல்லை. ஆனால் பாகு தெளிப்பதிலும், புழுங்க வைப்பதிலும், பதம் பார்ப்பதிலும் அந்தச் சீமை நிபுணர்களுக்கு அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர். பொழுதுபோக்குக்காக நான் மூன்று வருஷம் படிக்கவிருந்த வித்தை அவர் நாக்கு நுனியில் இருந்தது.

அந்த நாக்கில்தான் முதலில் வந்தது.

அவர் போனது நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு என்பது மட்டும் எனக்குத் தெரியும். "வாயிலே புண்ணு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். அன்று அம்மா முடிக்கவில்லை. "மொதல்லே கன்னத்துக்குள்ளே வெள்ளையாப் பூத்துச்சு கண்ணு. இலையிலே பூக்குமே, அதே மாதிரி. எங்கம்மா உப்புத் தண்ணியிலே கொப்புளிக்கச் சொல்லுச்சு" என்றார். கடைசி நாலு மாதம் அவர் பேசவில்லையாம். பாடம் பார்க்க மட்டும் யாராவது இலை கொண்டு வந்தால், வாயில் போடாமல் விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டுவாராம்.

இதுவும் சரித்திரத்தில் இல்லாதது அல்ல. 1795லேயே ஜெர்மன் மருத்துவர் சோமரிங், சுங்கான் பிடிக்கிறவர்களின் உதட்டில் புற்று வருவதைக் கவனித்து எழுதினார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஓர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985ல் தீர்ப்பே சொல்லிவிட்டது. நெய்யூரில் ஒரு டாக்டர் கண்டறிந்த செய்தி லண்டனுக்குப் போயிற்று, அவிநாசிக்கு வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன? உவர்க் கிணறு வைத்திருந்தவனுக்கு வேறு பயிர் யார் கொடுத்தார்கள்?

சுங்கான் பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் புகையை மார்புக்குள் இழுப்பதில்லை, வாயோடு சரி என்பார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வாயோடு சரி என்றால் என்ன என்பதை அன்று அம்மா சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் பேராசிரியரிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தையும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் இலையைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் டப்பாவைத் தொறந்ததுக்கு அப்புறந்தானுங்க. அதுக்கு முந்தினது ஒண்ணுமே தெரியாமப் போச்சு" என்றார். அவர் விட்டாரா என்று கேட்காதீர்கள். நாற்பது வருஷப் பழக்கம். ஒரு நாள் பேச்சில் போகிற காரியமல்ல. ஆனால் இப்போது அவர் வீட்டுக்குப் போனால் சுங்கானைப் பற்றிப் பேசுவதைவிடக் கிணறுகளைப் பற்றி அதிகம் பேசுகிறார்.

எதையாவது ஒன்றைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு ஆழமாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆழமாகப் போகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: கொஞ்ச தூரம் தோண்டினால் ரசனை இருக்கும், இன்னும் கொஞ்ச தூரம் தோண்டினால் யாருடைய வேர்வையோ இருக்கும். அந்த ஆழத்தில் ஊறுகிற தண்ணீர் சில சமயம் உப்பாகத்தான் இருக்கும்.

அப்புச்சியின் தோட்டத்தில் இப்போது தென்னை நிற்கிறது. உப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிற மரம். குன்னூர்ச் சுங்கான் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. போன மாதம் ஒரு பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வந்தார்கள். "சார், அந்தப் பைப்பைக் கையில் வெச்சுக்குங்க, நல்லா இருக்கும்" என்றார் படம் பிடிக்கிறவர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். படத்தில் என் இரண்டு கைகளும் மறுபடியும் இடம் தெரியாமல்தான் இருக்கின்றன. அம்மாவின் கைகள் மட்டும் மடியில் அமைதியாக இருக்கின்றன.